சனிக்கிழமை எட்டு வடிவக் குளத்துக்குப் போவதா?

நிரூபன்: எல்லோருக்கும் வணக்கம். கனடாவிலிருந்து வந்திருக்கும் துவாரகா அடுத்த திங்கட்கிழமை திரும்புகிறாள். சிட்னிக்குத் தெற்கே ரோயல் தேசியப் பூங்காவில் உள்ள ஃபிகர் எய்ட் (எட்டு வடிவ) குளங்களைப் பார்க்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து கேட்கிறாள். சனிக்கிழமை போகலாமா?

கௌரி: நாங்கள் நால்வரும் வருகிறோம் அண்ணா.

சின்னமாமா: சென்ற முறை நீங்கள் போனதைப் படங்களில்தான் பார்த்தேன். இம்முறை முதலிலேயே கேட்டது மகிழ்ச்சி. நானும் வருகிறேன்.

வசந்தி மாமி: அது குளமா, கடலா?

நிரூபன்: மாமி, கீரிமலைக் கேணியை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கடலோரம்தான், ஆனால் கேணிக்கும் கடலுக்கும் நடுவே சுவர் நிற்கிறது. இங்கே அந்தச் சுவர் இல்லை. கடலை ஒட்டி விரிந்து கிடக்கும் பாறைத் தட்டில் வட்டமான குழிகள் இருக்கின்றன, அவற்றில் இரண்டு ஒன்றோடொன்று சேர்ந்து எட்டுப் போலத் தெரிவதால் அந்தப் பெயர் வந்தது. கடல் மட்டம் உயரும் பெருக்கு நேரத்தில் தட்டின் மேல் அலை ஏறிவிடும். கடல் மட்டம் தாழும் வற்று நேரத்திலும் கடல் கொந்தளிப்பாக இருந்தால், திடீரென்று ஓர் அலை வந்து நிற்பவர்களைக் கூரான பாறைமேல் இழுத்துக்கொண்டு போகும். அப்படிப் பலர் காயப்பட்டிருக்கிறார்கள். அதனால்தான் பூங்காச் சேவையினர் அந்த இடத்துக்கென்றே அலை அபாய முன்னறிவிப்பு வெளியிடுகிறார்கள். அதில் 'குறைவு' என்று இருந்தால் மட்டுமே, அதுவும் வற்றை ஒட்டிய நேரத்தில், போவோம்.

பெரியப்பா: அவ்வளவு தூரம் போகிறவர்கள் ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேசுவரர் கோயிலுக்குப் போகாமல் திரும்புவது முறையல்ல.

கௌரி: போகும்போதா, வரும்போதா பெரியப்பா?

பெரியப்பா: கடலில் குளித்த ஈரத்தோடு போகக் கூடாது. காலையிலேயே போக வேண்டும்.

நிரூபன்: சனிக்கிழமை வற்று 11:40 மணிக்கு, பெரியப்பா. கராவாரா ஃபார்ம் தரிப்பிடத்திலிருந்து போய்வர ஏறத்தாழ 6 கிலோமீற்றர். போகும்போது செங்குத்தான இறக்கம், ஆகவே களைத்துத் திரும்பும்போது அத்தனையும் ஏற்றமாகிவிடும். பேர்னிங் பாம்ஸ் கடற்கரையைத் தாண்டியபின் பெரிய கற்களின் மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். வழியில் கடை கிடையாது, தொலைபேசி இணைப்பையும் நம்ப முடியாது. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரும் வழுக்காத சப்பாத்தும் அவசியம். கோயிலுக்கு மாற்றுடை கொண்டுபோய்ப் பின்னேரம் போகலாமே?

சின்னமாமா: கோயிலுக்குப் போவதென்றால் ஆட்டிறைச்சி ரோல்ஸைக் கொண்டுவர முடியாதே.

கௌரி: நான் மரக்கறி ரோல்ஸ் செய்கிறேன்.

பெரியம்மா: எதற்கு வீண் வேலை? கோயில் உணவகத்தில் தோசை சாப்பிடலாம்.

துவாரகா: எனக்கு இரண்டும் வேண்டும் பெரியம்மா.

வசந்தி மாமி: தோசை இருக்கட்டும். தம்பி காங்கேசன்துறையில் கடலுக்குள் இறங்கிய அன்றும் அது அமைதியாகத்தான் இருந்தது.

பெரியப்பா: வசந்தி, அதை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

நிரூபன்: மாமி, உங்கள் பயம் நியாயமானது. முன்னறிவிப்பு 'குறைவு' இல்லையென்றால், குளத்தை எட்டிப் பார்ப்பதற்குக்கூட நான் யாரையும் அழைத்துப் போக மாட்டேன். அப்போது அதே பூங்காவிலுள்ள வாட்டமோலாவுக்குப் போவோம். அங்கே மணல்திட்டுக்குப் பின்னால் களப்பு இருப்பதால், கடல் அலை அடிக்காத நீரில் பிள்ளைகள் நிற்கலாம். கழிப்பறையும் உண்டு. துவாரகா, அங்கே பாறையிலிருந்து களப்புக்குள் குதிப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. மற்றவர்கள் குதித்தாலும் நீ குதிக்கக் கூடாது.

துவாரகா: சரி அண்ணா.

சின்னமாமா: பூங்காவுக்குள் வாகனத்துக்கு நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். என் வான் வண்டியில் எட்டுப் பேர் வரலாம்.

கௌரி: பெரியப்பாவின் முழங்காலுக்கு அந்த ஏற்றம் ஒத்துவராது.

பெரியப்பா: என்னையும் பெரியம்மாவையும் காலையிலேயே கோயிலில் இறக்கிவிட்டுப் போங்கள்.

சின்னமாமா: அப்படியென்றால் ஆறரைக்கே புறப்பட வேண்டும்.

பெரியம்மா: ஏழரைக்கு முன் என்னால் முடியாது.

வசந்தி மாமி: நிரூபன், வெள்ளிக்கிழமை இரவு அந்த முன்னறிவிப்பை இங்கே போடு. அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளை அனுப்புவதா என்று சொல்வேன்.

நிரூபன்: கட்டாயம் போடுகிறேன் மாமி.

கௌரி: ரோல்ஸ் எத்தனை என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.