புதுப்பிப்பு: நுண்கால்வாய்களில் செல்களின் சமிக்ஞைகளைப் பிரித்தறிதல்

அருகருகே அமைந்த இரண்டு நுண்கால்வாய்களில் (நீர்மம் ஓடும் மிக நுண்ணிய பாதைகளில்) வெவ்வேறு வகைச் செல்களை வளர்க்கும்போது, ஒரு வகையில் தோன்றும் மாற்றத்துக்கு மற்றொன்று சுரக்கும் மூலக்கூறுதான் காரணம் என்பதை எவ்வாறு உறுதிசெய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். மறுமொழிகள் சுட்டிய வழியில் சோதனையை மாற்றியமைத்ததில் ஓரளவு தெளிவு கிடைத்திருக்கிறது.

முதன்மையானது பாய்வின் வேகம். இந்த அளவில் நீர்மம் கொந்தளிப்பின்றி அடுக்கடுக்காக ஓடுவதால், மூலக்கூறுகள் குறுக்கே நகர்வதற்கு விரவலை, அதாவது அவை தாமாகப் பரவுவதை, மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. விரவல் கெழு (பரவும் விரைவைக் குறிக்கும் எண்) வினாடிக்கு 100 சதுர மைக்ரோமீட்டர் அளவிலுள்ள ஒரு சிறு புரதம் 100 மைக்ரோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒரு நிமிடமும், ஒரு மில்லிமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். பாய்வு விரைந்தால் சமிக்ஞை அக்கரை சேரும் முன்பே அடித்துச் செல்லப்படும்.

இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். இரு வகைச் செல்களையும் ஒரே கால்வாயில் முன்பின்னாக அமைத்துப் பாய்வின் திசையைத் திருப்பும்போது விளைவும் இடம் மாறினால், கரைந்து வரும் சமிக்ஞையையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் பாய்வின் உராய்வு விசையும் செல்களைத் தூண்டக்கூடும் என்பதால், சுரக்கும் செல்கள் இல்லாத ஒப்பீட்டுச் சோதனை கட்டாயம்.

நுண்கால்வாய்ச் சாதனம் செய்யப்பட்ட பாலிடைமெதில்சிலாக்சேன் என்ற சிலிக்கோன் ரப்பர், ஸ்டீராய்டு ஹார்மோன்கள் போன்ற நீர்வெறுக்கும் சிறு மூலக்கூறுகளை உறிஞ்சிவிடும். பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை என்பது வியப்பே. அத்தகைய சமிக்ஞைகளுக்குக் கண்ணாடிச் சாதனமே பொருத்தம்.