எம்2 ரெசின் கூடு வளைந்திருக்கிறது

கொக்குவிலிலிருந்து:
1954இல் கனடா இலங்கைக்குத் தந்த எம்2 டீசல் ரயில் இயந்திரத்தின் மாதிரியை 1:76 அளவில் செய்கிறேன். ரெசினில் (ஒருவகைப் பிளாஸ்டிக்) வார்த்த மேற்கூட்டின் ஒரு பக்கம் வளைந்திருக்கிறது. கைப்பிடிக் கம்பிகளும் தடித்துத் தெரிகின்றன. என்ன செய்யலாம்?

சுன்னாகத்திலிருந்து:
தம்பி, சுடுநீரில் சற்று வையுங்கள். இளகியதும் கண்ணாடித் தட்டில் அழுத்தி ஆறவிடுங்கள். வர்ணத்துக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தண்ணீர் தொட்டே தேயுங்கள், ரெசின் தூசு நெஞ்சுக்கு ஆகாது. அந்த வார்ப்புக் கம்பிகளைச் சீவி எறியுங்கள்! நுண்துளை இட்டு 0.4 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பியைச் செருகி, சுப்பர் குளூ ஒரு பொட்டு வையுங்கள். நடைபாதையோரம் கம்பி தனித்து நின்று நிழல் விழுத்தும்போதுதான் இயந்திரத்துக்கு உயிர் வரும்.

கொக்குவிலிலிருந்து:
நன்றி அண்ணா. 16.5 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளம் போதுமா?

நல்லூரிலிருந்து:
ஓடும்.

சுன்னாகத்திலிருந்து:
ஓடும்தான். ஆனால் நம் ரயில் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர்; இந்த அளவில் 22 வரவேண்டும். ஒடுங்கிய சக்கரங்களில் எம்2வைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது.