காகிதக் கூழ்க் கூடை ஏன் வெடித்தது?

கேள்வி: நெல்லை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மாமியார் செய்த காகிதக் கூடை ஒன்று இன்றும் எங்கள் அடுக்களையில் சின்ன வெங்காயம் போட்டு வைக்கப் பயன்படுகிறது. பழைய செய்தித்தாளை ஊறவைத்து, வெந்தயத்தோடு அரைத்து, கவிழ்த்த குடத்தின் மேல் அப்பிச் செய்தது என்று மட்டும் எனக்குத் தெரியும். உட்புற அடியில் ஒரு நாட்காட்டித் தாளை ஒட்டி, அதன் மேலும் வெந்தய விழுதைப் பூசியிருக்கிறார். அவர் இருந்தபோது முறையாகக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

தீபாவளியை ஒட்டிய விடுமுறையில், ஒன்பது வயது மகளையும் ஆறு வயது மகனையும் வைத்துக்கொண்டு அதே போல் ஒன்று செய்து பார்த்தோம். இரண்டு கிலோ செய்தித்தாளை ஓர் இரவு ஊறவைத்து மிக்ஸியில் அரைத்தேன். பாதியிலேயே மிக்ஸி சூடேறி நின்றுவிட்டது. ஒரு கைப்பிடி வெந்தயத்தை அரைத்துச் சேர்த்து, எவர்சில்வர் குடத்தின் மேல் அப்பி, வெயில் அடித்த நேரமெல்லாம் மாடியிலும் மழை வந்தபோது கூடத்திலுமாக வைத்தோம். மூன்றாம் நாள் வாய்ப்பக்கம் வெடித்தது, ஐந்தாம் நாள் கரும்பச்சையாகப் பூஞ்சணம் பூத்தது, குடத்திலிருந்து எடுக்க முயன்றபோது அடிப்பாகம் பிய்ந்து குடத்தோடு ஒட்டிக்கொண்டது. குழந்தைகள் மிகவும் சோர்ந்துவிட்டார்கள். எங்கே தவறினோம்? கூடை சரியாக வந்தால் அதில் முறுக்கு, சீடை போட்டு வைக்கலாமா? அரையாண்டு விடுமுறையில் வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டு குழந்தைகளோடு வேறு என்ன செய்யலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய கைவேலை

அன்புள்ள மகளுக்கு, எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்தக் கூடைகளை என் அம்மாவோடு உட்கார்ந்து செய்திருக்கிறேன். நீ செய்ததில் பெரிய தவறு ஒன்றுதான், அது உன் கையில் இல்லை, ஐப்பசி மாதத்தில் இருக்கிறது. இந்த வேலையை நாங்கள் பங்குனிக்குப் பிறகுதான் தொடங்குவோம். அடைமழைக் காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும்போது, ஒரு விரல் கனத்துக்கு அப்பிய கூழின் உள்ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூஞ்சணம் பிடிப்பது இயல்பு.

மற்றவற்றையும் சொல்கிறேன். தாளைக் கத்தரியால் வெட்டக் கூடாது. கையால் கிழிக்க வேண்டும், கிழித்த ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருப்பதால் அது சீக்கிரம் கரையும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளவும் செய்யும். உன் குழந்தைகளுக்கு இந்தக் கிழிக்கும் வேலையைக் கொடு, அதைவிட அவர்களுக்குப் பிடித்த வேலை இராது. ஓர் இரவு போதாது. மூன்று நாள் ஊறட்டும். தினமும் தண்ணீரை மாற்றினால் நாற்றமும் வராது, மையும் கொஞ்சம் போகும். பிறகு கிரைண்டரிலோ உரலிலோ போட்டு அரைக்கலாம். மிக்ஸியில்தான் அரைக்க வேண்டுமென்றால் நிறையத் தண்ணீர் விட்டு ஒவ்வொரு பிடியாகத்தான் போட வேண்டும். தாளின் நார் கத்தியில் சுற்றிக்கொண்டதால்தான் உன் மிக்ஸி நின்றிருக்கும்.

ஒரு கிலோ தாளுக்கு நூறு கிராம் வெந்தயம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. இரவு ஊறவைத்து, கையில் எடுத்தால் வழவழவென்று நூல் இழுக்கிற வரைக்கும் அரைக்க வேண்டும். அந்த வழவழப்புதான் பசை. கசப்புக்குப் பூச்சி வராது என்றும் சொல்வார்கள். நீ இரண்டு கிலோவுக்கு ஒரு கைப்பிடி போட்டிருக்கிறாய், அது எந்த மூலைக்கும் காணாது. கூழையும் விழுதையும் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, ஓர் உருண்டையை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் தண்ணீர் சொட்டாமல் ஈரம் மட்டும் மினுங்க வேண்டும். அதுதான் பதம்.

குடத்தின் மேல் நேராக அப்பினாயா? முதலில் நனைத்த பழைய வேட்டித் துணியை இழுத்துப் போர்த்தி, சுருக்கத்தை நீவிவிட்டு, அதன் மேல் அப்ப வேண்டும். குடத்தின் அகன்ற இடத்தைத் தாண்டிக் கழுத்துப் பக்கம் போகக் கூடாது. போனால் காய்ந்த பிறகு கழற்றவே முடியாது. அடியிலிருந்து தொடங்கி வாய் வரைக்கும் ஒரே கனமாக, கால் அங்குலத்துக்கு மேல் போகாமல், கரண்டியின் முதுகால் தட்டிக்கொண்டே வர வேண்டும். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால் மெலிந்த இடம் முதலில் காய்ந்து சுருங்கும், அங்கேதான் வெடிக்கும். முதல் நாள் நிழலில், இரண்டாம் நாளிலிருந்து வெயிலில். முக்கால் பங்கு காய்ந்ததும் துணியோடு கழற்றி, துணியை உரித்துவிட்டு, உட்புறத்தைச் சூரியனுக்குக் காட்ட வேண்டும். உன் மாமியார் உள்ளே தாள் ஒட்டியது அழகுக்காக இல்லை, உட்புறத்துச் சொரசொரப்பை மறைக்கத்தான்.

பதில் 2: கட்டுநர்

வணக்கம். நான் பல ஆண்டுகள் புத்தகம் கட்டும் தொழிலில் இருந்தவன். அம்மா சொன்னவற்றோடு தாளையும் பசையையும் பற்றி மட்டும் சேர்க்கிறேன். வழவழப்பான வார இதழ்த் தாளைக் கூழுக்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் மேல் களிமண் போன்ற பூச்சு இருப்பதால் சேறாகக் கரையுமே தவிர நார் கிடைக்காது. முட்டை அடுக்கி வரும் அட்டை ஏற்கெனவே காகிதக் கூழில் செய்ததுதான் என்பதால் சில மணி நேரத்திலேயே கரைந்துவிடும். ஆனால் அதில் முட்டை அழுக்கு இருக்குமாகையால், கொதிநீரில் போட்டு எடுத்த பிறகே குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டும்.

பூச்சி வராமலிருக்க மைதா பசையில் மயில்துத்தம் கலக்கச் சொல்லி யாராவது உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். ஆனால் அது நஞ்சு, விரலை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். முறுக்கும் வேண்டாம். அச்சு மையில் உடலுக்குக் கேடான பொருள்கள் இருப்பதால்தான், உணவைச் செய்தித்தாளில் பொதியவோ சேமிக்கவோ கூடாது என்று உணவுப் பொட்டலம் குறித்த 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. எண்ணெய்ப் பண்டம் மையை இன்னும் எளிதாக இழுத்துக்கொள்ளும். தோலோடு இருக்கும் வெங்காயம், பூண்டு, நூல்கண்டு, துணிக் கவ்விகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அரையாண்டு விடுமுறைக்கு, வெயிலை நம்பாத ஒன்றைச் சொல்கிறேன். தஞ்சாவூரில் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் பொம்மை செய்கிறார்களே, அதைச் சிரட்டையில் செய்யலாம். கண் இல்லாத பாதிச் சிரட்டையை எடுத்து, வெளிநாரை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். அதற்குள் பாதி உயரத்துக்குக் களிமண்ணை அழுத்திக் காயவிடுங்கள். வெறும் களிமண் காய்ந்தால் சுருங்கிக் கழன்று உள்ளே லொடலொடக்கும் என்பதால், ஒரு பிடி காகிதக் கூழை அதில் பிசைந்துகொள்வது நல்லது. மேலே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, தாளைக் கசக்கிய பந்தொன்றைத் தலையாக வைத்து, எல்லாவற்றின் மேலும் இரண்டு விரல் அகலத் தாள் கீற்றுகளை மைதா பசையில் தோய்த்து நான்கைந்து அடுக்கு ஒட்டினால் போதும். இரண்டிரண்டு அடுக்காக ஒட்டினால் மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். தலை கனத்தால் பொம்மை விழுந்த இடத்திலேயே கிடக்கும். கனமெல்லாம் சிரட்டையின் அடியில் இருந்தால்தான் நிமிரும். கூம்பை ஒட்டுமுன் ஒரு முறை, தலையை ஒட்டுமுன் ஒரு முறை, விரலால் சாய்த்துப் பார்க்கும் வேலையை மகனிடம் விட்டுவிடுங்கள்.

பதில் 3: மதுரை ஆசிரியர்

சகோதரி, ஒரு சிறு கருத்து வேறுபாட்டோடு எழுதுகிறேன். "வேறு என்ன செய்யலாம்" என்று கேட்டதற்குப் பலரும் தண்ணீர் பாட்டிலை வெட்டிப் பேனாக் குவளை செய்யச் சொல்வார்கள். எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் அப்படி வந்து குவிகிற குவளைகளை நான் பார்க்கிறேன். சுத்தமான பாட்டிலைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார், அது மறுபடி உருக்கப்படும். அதன் மேல் ஜிகினாவும் பசையும் துணியும் ஒட்டிவிட்டால் அவர் கையாலும் தொட மாட்டார். இரண்டு மாதம் மேசையில் இருந்துவிட்டு அது குப்பைக்குத்தான் போகும். கூடையும் சிரட்டைப் பொம்மையும் அப்படியல்ல. வண்ணத்துக்கு மஞ்சளும் செம்மண்ணும் போதும் என்று வைத்துக்கொண்டால், உடைந்த பிறகு அவை தோட்டத்து மண்ணிலேயே மக்கிவிடும்.

வெடித்த கூடையையும் முழுதாக எறிய வேண்டியதில்லை. பூஞ்சணம் பிடித்த பகுதியை மட்டும் பிய்த்துப் போட்டுவிட்டு, மற்றதை நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள்; தண்ணீரில் போட்டால் மறுபடி கூழாகிவிடும். பொம்மையின் களிமண்ணில் பிசையக் கேட்ட ஒரு பிடிக் கூழை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

மறுமொழி: நெல்லை வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய கைவேலை அம்மாவின் பதிலைப் படித்ததும் வெங்காயத்தைக் கொட்டிவிட்டு மாமியாரின் கூடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உட்புறத்தில், பூச்சுக்குக் கீழே, துணியின் இழை பதிந்த தடம் இன்னும் தெரிகிறது. இத்தனை ஆண்டுகளாக அதை வெறும் கோடுகள் என்று நினைத்திருந்தேன். அடியில் ஒட்டிய நாட்காட்டித் தாளை என் மகள் ஈரத் துணியால் மெல்லத் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள்: அட்சய வருடம், சித்திரை 27. கணக்குப் பார்த்தால் அது 1986-ஆம் ஆண்டு மே மாதம் வருகிறது. கிழித்த தாளை அன்றே ஒட்டினார்களா என்று இப்போது கேட்க ஆள் இல்லை. ஆனால் கத்திரி வெயிலில்தான் அந்தக் கூடை காய்ந்திருக்க வேண்டும்.

சிரட்டைக்குத் துவையல் அரைக்கும் சாக்கில் இன்று ஒரு தேங்காய் உடைத்தாயிற்று. செய்தித்தாள்களைப் பரணில் சேர்த்து வைக்கிறோம்.