அருளாளர் தாஸ்வா திருத்தலத்துக்கு 22 பேர், மூன்று நாள்: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

மிட்ராண்ட்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில் மிட்ராண்ட், செஞ்சூரியன் பக்கம் இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள். மாதம் ஒரு தமிழ்ப் பூசை, அப்புறம் வீட்டுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு. எங்கள் சங்கம் அவ்வளவுதான்.

போன வருடம் உகாண்டாவில், விசுவாசத்துக்காக உயிர்விட்ட நமுகொங்கோ வேதசாட்சிகள் கோயிலுக்கு, ஜூன் 3 திருவிழாவுக்குப் போகலாம் என்று பேச்சு எடுத்தோம். விமானக் கட்டணம், மஞ்சள் காய்ச்சல் ஊசி, திரும்பி வரும்போது விமான நிலையத்தில் அந்த அட்டை என்றெல்லாம் சொன்னதும் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். அப்போது எங்கள் சாமியார், "இந்த நாட்டிலேயே ஒரு வேதசாட்சி இருக்கிறாரே, யாராவது போயிருக்கிறீர்களா?" என்று கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நான் இங்கே வந்து ஒன்பது வருடமாகிறது. பெனடிக்ட் தாஸ்வா என்ற பெயரையே அன்றைக்குத்தான் கேட்டேன்.

சரி, பிப்ரவரி 1 அவர் திருநாள், அதற்குப் போவோம் என்று முடிவாகிவிட்டது. 22 பேர். ஆறு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். என் மாமியார் தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி. திட்டம் இதுதான்: வெள்ளி இரவு கிளம்பி விடியற்காலை தோஹோயாண்டு. அங்கே பூசை பார்த்துவிட்டு அப்படியே ங்கோமே மாதா. அங்கிருந்து டர்பன் இறங்கி மரியன்ஹில் மடமும் இம்மானுவேல் பேராலயமும் பார்த்துவிட்டுத் திங்கள் வீடு. இது நடக்குமா? வயதானவர்களுக்குத் தாங்குமா? எங்கே தங்கலாம்?

இன்னொன்று. என் மகளுக்குப் பதினோரு வயது. "அங்கே பார்க்க என்னப்பா இருக்கு?" என்று கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

பின்குறிப்பு: வண்டிக்காரர் ஒருவர் 3,000 ராண்ட் முன்பணம் வாங்கிக்கொண்டு போனை எடுப்பதில்லை. அது போனது போனதுதான். நம்பிக்கையான ஆள் இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.

பிரிட்டோரியா அக்கா:

தம்பி, வரைபடத்தை விரித்துப் பார்த்தீர்களா? தோஹோயாண்டு நாட்டின் வடக்குக் கோடி, ஜிம்பாப்வே எல்லைக்குப் பக்கம். ங்கோமே குவாசூலு-நடாலில், ஃப்ரைஹைடுக்கும் நொங்கோமாவுக்கும் நடுவில். அதிலிருந்து இதற்கே ஒரு முழுப் பகல் ஓட்டம். மாமியார் உங்களை மன்னிக்க மாட்டார்.

ங்கோமே நாங்கள் தனியாகப் போய் வந்தோம். நொங்கோமா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ரைனோல்டா மே என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரிக்கு 1955 முதல் 1971 வரை பத்துத் தடவை மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்கிறார்கள். ஏழு ஊற்று கூடும் இடத்தில் கோயில் கேட்டாராம். வீட்டுக்காரர் அஞ்சு லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்து வந்தார். இன்னும் ஃப்ரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. அமைதியான இடம். அதை அவசரத்தில் பார்க்காதீர்கள்.

வெண்டா வாத்தியார்:

தம்பி, முதலில் ங்கோமேயை வெட்டுங்கள். மரியன்ஹில்லை வெட்டுங்கள். டர்பனையும் வெட்டுங்கள். மிச்சம் இருப்பதற்கே மூன்று நாள் போதாது.

நான் நாகர்கோவில் பக்கம். 1993-ல் கணக்கு வாத்தியாராக இங்கே வந்தேன். அப்போது வெண்டா தனி நாடு மாதிரி, தென்னாப்பிரிக்கா ஏற்படுத்திய பெயரளவு நாடு. நம் ஊர் வாத்தியார்கள் நிறையப் பேர் இருந்தோம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வெயிலும் மாம்பழமும் நம் ஊர் போலவே இருப்பதால் திரும்பிப் போகவில்லை.

வழி: என்1 சாலையில் நேரே வடக்கு. பொலக்வானே தாண்டி லூயி டிரிச்சார்ட், அங்கே வலப்பக்கம் ஆர்524. மொத்தம் 480 கிலோமீட்டர் சொச்சம், சுங்கச்சாவடிகள் உண்டு. வயதானவர்களை இரண்டு மணிக்கு ஒரு தடவை இறக்கி நடக்க வைத்தால் ஏழு மணி நேரம் பிடிக்கும். இரவில் வராதீர்கள். ஆர்524-ல் கழுதையும் மாடும் சாலையிலேயே படுத்திருக்கும். திருநாள் சமயம் தோஹோயாண்டுவில் அறை கிடைக்காது, லூயி டிரிச்சார்டில் தங்குங்கள். பிப்ரவரி இங்கே கோடை, மழைக்காலமும் அதுதான், குடை வேண்டும். கோடையில் இந்தப் பக்கம் மலேரியா உண்டு, கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள். மாமியாருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இது ட்ஸானீன் மறைமாவட்டம். உங்கள் சாமியார் முன்கூட்டியே ஒரு கடிதம் போட்டால் இங்குள்ள பங்கு மக்கள் கூட வருவார்கள். அவர்கள் இல்லாமல் வந்தால் ஒன்றும் விளங்காது.

மகள் கேட்டது நல்ல கேள்வி. பார்க்க ஒன்றும் இல்லை. ந்வேலி கிராமத்துக் கோயில், அவரே கூட நின்று கட்டியது. 2015-ல் அவர் உடலை ம்பாஹே கல்லறையிலிருந்து எடுத்து வந்து அங்கே வைத்தார்கள். வேளாங்கண்ணிக் கடைத்தெரு கிடையாது. சப்பரம், கொடிமரம் கிடையாது. மெழுகுவர்த்தியைக் கையோடு கொண்டு வாருங்கள்.

அதனால் கதையைத் தெரிந்துகொண்டு வரணும். தாஸ்வா ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர். 1946-ல் பிறந்தார். 1963-ல் ஞானஸ்நானம். நம் ஊர் வழக்கில் சொன்னால் உபதேசியார் வேலையும் அவர்தான். சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பார். பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் அவர் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்து கட்டிக்கொள்வார்கள். வீட்டு வேலையில் மனைவிக்குக் கை கொடுத்ததற்காக ஊர் ஆண்கள் சிரித்தார்களாம். கால்பந்துக் குழுவில் ஜெயிக்க மந்திர மருந்து வாங்கலாம் என்றபோது, வேண்டாம் என்று விலகி வேறு குழு ஆரம்பித்தார்.

1990 ஜனவரி கடைசியில் பெருமழை, இடி. மின்னல் விழுந்து சில வீடுகள் எரிந்தன. இங்கே மின்னல் தானாக விழாது, யாரோ ஏவிவிடுவது என்று ஒரு நம்பிக்கை. ஊர் கூடியது. யார் ஏவினார் என்று மந்திரவாதியிடம் போய்க் குறி கேட்கணும், அதற்கு ஆளுக்கு 5 ராண்ட். மின்னல் இயற்கை என்று தாஸ்வா சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. என் 5 ராண்ட் கிடையாது என்றார்.

இதைப் படிக்கிற வெள்ளைக்காரருக்கு 5 ராண்ட் சின்னக் காசு. நமக்குத் தெரியும், அது ஊர் வரி. தலைக்கட்டு வரி தர மாட்டேன் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்கிறவன் என்ன ஆவான் என்று நம் ஆட்களுக்கு விளக்கணுமா?

எனக்கு எட்டு வயதில் எங்கள் தெருவில் அடுத்தடுத்து மாடுகள் செத்தன. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். வீட்டுக்கு இரண்டு ரூபாய் வரி போட்டு ஒரு மந்திரவாதியைக் கூப்பிட்டார்கள். என் அப்பா உபதேசியார். அவரும் கொடுத்தார். மடித்து வைத்த இரண்டு ரூபாய்த் தாளை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து, அம்மாவைப் பார்க்காமல் கொடுத்தார். "ஊரோடு ஒத்துப் போகணும்டா" என்றார். குறி சொன்னவன் தெருக்கோடியில் தனியாக இருந்த ஒரு கிழவியின் வாசலில் போய் நின்றான். யாரும் அவளை அடிக்கவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் மகள் ஊருக்குப் போனவள் திரும்பவே இல்லை. அவள் வீட்டுத் திண்ணையில் வைக்கோல் அடுக்கினார்கள்.

பிப்ரவரி 2. தாஸ்வா ஒரு நோயாளிக் குழந்தையைத் தோஹோயாண்டுவில் டாக்டரிடம் காட்டிவிட்டு இரவில் திரும்புகிறார். சாலையில் மரமும் கல்லும் போட்டு மறித்திருக்கிறது. இறங்குகிறார், கல் விழுகிறது. ரத்தத்தோடு கால்பந்து மைதானத்தைக் கடந்து ஓடி ஒரு வீட்டில் ஒளிகிறார். காட்டிக்கொடுக்காவிட்டால் உன்னைக் கொல்வோம் என்று துரத்தி வந்த கும்பல் அந்த வீட்டுப் பெண்ணை மிரட்டியதும் அவரே வெளியே வருகிறார். தடியால் அடித்தார்கள், தலையில் கொதிநீர் ஊற்றினார்கள். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அன்றைக்குப் பகலில்தான் கேப் டவுனில் அப்போதைய ஜனாதிபதி டி கிளார்க், மண்டேலா விடுதலையாவார் என்று அறிவித்திருந்தார். நாடே அதைப் பேசிக்கொண்டிருந்த இரவு.

அந்த மைதானத்தை உங்கள் மகள் நடந்து கடக்கட்டும். பார்க்க அதுதான் இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரருக்கு இன்னொரு நினைவும் வரும். தேவசகாயம் பிள்ளை, காற்றாடிமலையில் 1752-ல் விசுவாசத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவரும் சாமியாரில்லை, குடும்பஸ்தர். சின்ன வயதில் அந்த மலையிலுள்ள மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டி மணிச்சத்தம் கேட்டவன் நான். அவர் 2022-ல் புனிதரானார். தாஸ்வா 2015-ல் அருளாளர், அது புனிதருக்கு முந்தின படி. அவருக்குத் தட்டிப் பார்க்க ஒரு பாறைகூட இன்னும் வாய்க்கவில்லை.

மிட்ராண்ட்காரன்:

ஐயா, வாசித்துவிட்டு மாமியாருக்கும் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "வேற எங்கேயும் வேண்டாம், அங்கே மட்டும் போவோம்" என்றார். டர்பன் ரத்து. ஆனால் பிப்ரவரி 2-தான் இறந்த நாள் என்றால் திருநாள் ஏன் 1-ம் தேதி?

டர்பன் பேத்தி:

பிப்ரவரி 2 ஆண்டவரைக் காணிக்கையாக்கின திருநாள் இல்லையா அண்ணா, அதனால் ஒரு நாள் முன்னே வைத்தார்கள்.

டர்பனை ரத்து செய்ததில் எனக்கு வருத்தம். தவக்காலத்தில் தனியாக வாங்க. இம்மானுவேல் பேராலயம் 1904-ல் கட்டினது. ஒரு பக்கம் விக்டோரியா தெரு மார்க்கெட் மசாலா வாசனை, பக்கத்திலேயே பள்ளிவாசல். சில நேரம் பாங்கும் கோயில் மணியும் ஒன்றாகக் கேட்கும். மரியன்ஹில்லில் டிராப்பிஸ்ட் துறவிகள் 1882-ல் ஆரம்பித்த மடம் இருக்கு. என் ஆயாவின் தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர். ஆயா செபமாலையைத் தமிழிலேதான் சொல்லுவாள், அர்த்தம் பாதி தெரியாது. நான் தமிழ் எழுதப் படித்ததே அவளுக்காக, பிழை இருந்தால் மன்னிக்கணும்.

வாத்தியார் ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் ஆயா குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். அதுவும் அந்த 5 ராண்ட் கணக்கில் சேருமா?

வெண்டா வாத்தியார்:

பாப்பா, உன் தமிழில் பிழை இல்லை. உப்பு மிளகாயால் யாரும் ஊரை விட்டு ஓடினதில்லை. சுற்றிப் போட்டுவிட்டு, "இது இன்னார் கண்ணுதான்" என்று ஒரு பெயரைச் சொன்னால் அப்போதே சேர்ந்துவிடும். ஆயா பெயர் சொல்லுவாளா என்று நீயே பார்த்துக்கொள்.

மிட்ராண்ட் தம்பி, வண்டிக்கு இங்கே ஒருவரைச் சொல்கிறேன், முன்பணம் வேண்டாம். திருநாள் காலை ஏழு மணிக்கு லூயி டிரிச்சார்டில் உங்களோடு ஏறிக்கொள்கிறேன். மகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள்: வெண்டாவில் ஆண்கள் வணக்கம் சொல்ல "ண்டா" என்பார்கள், பெண்கள் "ஆ" என்பார்கள். மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். அவள் "ஆ" சொன்னால் போதும்.

கட்டுச்சோறு புளிச்சோறு என்றால் எனக்கும் ஒரு பொட்டலம். இங்கே நல்ல புளி கிடைப்பதில்லை.