பதிவிறக்கப் பக்கத்தில் தவறான வைரஸ் எச்சரிக்கை: உதவி தேவை

தண்டையார்பேட்டையில் இருந்தபடி, சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை எழுதி என் சொந்த இணையதளத்தில் வழங்கி வருகிறேன். பைதான் நிரல்மொழியில் எழுதி, ஒரே எக்ஸ்இ (விண்டோஸில் நேரடியாக இயங்கும்) கோப்பாகக் கட்டியது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடும். மூன்று வாரங்களுக்கு முன் புதிய பதிப்பை ஏற்றிய மறுநாளிலிருந்து, பதிவிறக்கப் பொத்தானை அழுத்தியதுமே பிரவுசர் 'ஆபத்தான கோப்பு' என்று தடுக்கிறது. காசிமேட்டில் ஐஸ் கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர், "தம்பி, சிவப்பா ஏதோ வருது, கம்ப்யூட்டர் போயிடுமா?" என்று கேட்டார். எச்சரிக்கையை மீறி இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பழக்கம் நாளை உண்மையான வைரஸுக்கும் கதவைத் திறந்துவிடும்.

பல வைரஸ் ஸ்கேனர்களில் ஒரே நேரத்தில் கோப்பைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் சோதித்தபோது 2 ஸ்கேனர்கள் மட்டுமே, அதுவும் பொதுவான ஊகப் பெயரில், குறை காட்டின; அவற்றின் நிறுவனங்கள் இரண்டுக்கும் எழுதியதில் ஒன்று அந்தக் குறையை நீக்கிவிட்டது. தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் பாதுகாப்புச் சிக்கல் எதுவும் இல்லை. சர்வரில் உள்ள கோப்பின் ஷா-256 மதிப்பு (கோப்பின் கைரேகை போன்றது) என் கணினியில் உள்ளதோடு பொருந்துவதால், இடையில் யாரும் கோப்பை மாற்றவில்லை என்பது உறுதி. ஜிப் செய்து ஏற்றியும் பலனில்லை. வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தை இன்னும் இடவில்லை. 2023 ஜூன் முதல் கையொப்பமிடும் ரகசியச் சாவியை யுஎஸ்பி டோக்கன் போன்ற பாதுகாப்பான வன்பொருளில் வைத்திருக்க வேண்டும் என்பதால் செலவு கையை மீறுகிறது.

கையொப்பம் இல்லாமலே, ஒரே கோப்பாகக் கட்டுவதை விட்டு இன்ஸ்டாலர் வழியாகத் தனித்தனிக் கோப்புகளாகக் கொடுத்தபோது எச்சரிக்கை நீங்கியதை அனுபவத்தில் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா?