சென்னைக் கூவம் ஆற்றைச் சுத்தப்படுத்த: முதல் செலவு முகத்துவாரத்துக்கா, வடிகால் வாய்களுக்கா?

கடலோரன்: நேப்பியர் பாலத்துக்குக் கிழக்கே, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சேரும் மணலை அகற்றாமல் கூவம் பிழைக்காது. தென்மேற்குப் பருவத்தில் அலை மணலை வடக்கே நகர்த்துகிறது. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் அதை மறிப்பதால் ஆற்றின் வாய் தூர்ந்துபோகிறது. இரு பக்கமும் கடலுக்குள் நீளும் நேர்கல் சுவர் போட்டு ஆழப்படுத்தினால், கடல் ஏறும்போதெல்லாம் உயிர்வளியோடு (ஆக்சிஜன்) நல்ல நீர் உள்ளே வரும்.

வடிகால்மணி: சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்குவது சுமார் 1 மீட்டர் அளவுக்குத்தான். கடலிலிருந்து தள்ளி இருக்கும் அரும்பாக்கத்தில் தேங்கும் சாக்கடையை அது தொடாது. அடியில் கிடக்கும் கறுப்புச் சேற்றைக் கிளறினால் நீரில் மிச்சமிருக்கும் உயிர்வளியும் போய், ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கிளம்பி மீன் செத்து மிதக்கும். மழைநீர் வடிகால்களில் திருட்டுத்தனமாகக் கலக்கும் கழிவுநீரை முதலில் நிறுத்துங்கள்; அதுவரை வடிகால் வாயிலேயே தடுத்து, பம்ப் வைத்துக் கழிவுநீர்க் குழாய்க்கு ஏற்றுங்கள்.

கணக்கு எளிது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80% கழிவாகத் திரும்பும். 10,000 பேர் என்றால் 10.8 லட்சம் லிட்டர், அதாவது மணிக்குச் சராசரி 45,000. காலையில் அது மூன்று மடங்காகும். சராசரிக்குப் பம்ப் வாங்கினால் தினமும் காலையில் ஆற்றில்தான் வழியும். மணிக்கு 1.35 லட்சம் லிட்டர் இறைக்கும் பம்ப், அதே அளவில் மாற்றுப் பம்ப், ஜெனரேட்டர் மூன்றும் வேண்டும்.

கடலோரன்: வடிகால் வாயில் தடுப்புக் கட்டினால் வடகிழக்குப் பருவத்தில் தெரு மூழ்குமே! அதற்கு யார் பொறுப்பு?

வடிகால்மணி: நிரந்தரச் சுவர் கட்டினால் மூழ்கும்தான். கோடைக்கால ஓட்டத்தை மறிக்கும் அளவுக்கு மட்டும் தாழ்வான தடுப்பு, மழைக்குத் தூக்கிவிட ஷட்டர் போதும். பின்னால் படியும் மண்ணைச் செப்டம்பருக்குள் அள்ளிவிட வேண்டும். சல்லடையில் சிக்கும் பிளாஸ்டிக்கைத் தினமும் எடுக்காவிட்டால் பம்ப் இருந்தும் பயனில்லை. கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று கண்டுபிடிக்க, சந்தேகப்படும் கட்டடத்தின் கழிப்பறையில் சாயம் ஊற்றி, வடிகாலில் நிறம் வருகிறதா என்று மழையில்லாத நாளில் பாருங்கள்.

மேல்மடை: இருவருமே நன்னீரை விட்டுவிட்டீர்கள். கொரட்டூர் அணைக்கட்டில் கூவத்தின் நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திரும்புகிறது. கோயம்பேட்டில் மூன்றாம் நிலை வரை, அதாவது மறுபடி பயன்படுத்தும் அளவுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கழிவை முழுக்க நிறுத்தினாலும் கோடையில் மிஞ்சுவது வறண்ட படுகைதான். அந்த நீரில் ஒரு பங்கையாவது ஆற்றில் விடணும்.

கடலோரன்: விட்டாலும் வாய் மூடியிருந்தால் அது எங்கே போகும்? வடிகால் வேலை நடக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் மணல் அள்ளுவதை அதற்காக நிறுத்தக்கூடாது.

வடிகால்மணி: வெள்ளம் வடிய அக்டோபருக்கு முன் வாயைத் திறப்பது சரி, அது வெள்ளத்துக்கான செலவு. அதை ஆற்றுச் சுத்திகரிப்புக் கணக்கில் எழுதாதீர்கள். குளிக்கத் தகுந்த நீரில் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் உயிர்வளியின் அளவு) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்கணும். மணல் அள்ளி அந்த அளவைத் தொட முடியாது.