மறுமொழி: 'தகவல் எழுத்தறிவு' போதுமா? 'தேர்திறன்' என்று ஒரு முன்மொழிவு

வணக்கம்.

> 'தகவல் எழுத்தறிவு' ஏற்கெனவே புழங்குகிறது. ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, 'information literacy' என்பதற்கு அந்தச் சொல் புழங்குவது உண்மைதான். ஆனால் மன்னார்குடிப் பக்கம் எங்கள் நூலகத்தில் அந்தச் சொல் உதவவில்லை. குறுவைக்கு நாற்றுவிடும் நேரம். ஒரு விவசாயி கைபேசியை நீட்டினார். 'மேட்டூர் 120 அடியைத் தொட்டது' என்று வாட்ஸ்அப் செய்தி. தேதியும் இல்லை, சொன்னது யார் என்றும் இல்லை. நாளிதழை வரி விடாமல் படிப்பவர் அவர். எழுத்தறிவில் என்ன குறை? அன்றைய நீர்மட்டத்தை நாளிதழில் எடுத்துக் காட்டினேன். கேட்பவருக்குத் தகவலைத் தேடித் தரும் அது நூலகரின் உசாத்துணைப் (reference) பணி. அடுத்த முறை தேதியையும் மூலத்தையும் அவரே தேடி, நம்பலாமா என்று முடிவெடுக்கப் பழக்குவது வேறு பணி. அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

அமெரிக்கரான பால் சுர்கோவ்ஸ்கி 1974-இல் இக்கருத்தை ஆங்கிலத்தில் பெயரிட்டு முன்வைத்தார். அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு 1989-இல் அதை விளக்கியது: தகவல் தேவைப்படுவதை உணர்தல், தேடிக் கண்டடைதல், மதிப்பிடுதல், பயன்படுத்துதல். எழுத்தும் படிப்பும் இவற்றுக்கெல்லாம் முந்திய படி. 'தகவல் அறிவு' என்றாலோ எதையும் குறிக்கலாம்.

என் முன்மொழிவு: தகவல் தேர்திறன். தேடுவது, ஆராய்வது, தெரிந்தெடுப்பது மூன்றும் 'தேர்' என்ற ஒரே வினைக்குள் இருக்கின்றன.

தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின்
தேறுக தேறும் பொருள் (குறள் 509)

அங்கே பேச்சு ஆளைப் பற்றியது. ஆராயாமல் நம்பாதே, ஆராய்ந்தபின் நம்பத் தக்கதை நம்பு என்ற நெறி செய்திக்கும் அப்படியே பொருந்துகிறது. எதையும் நம்பாதே என்று அது சொல்லவில்லை. வகுப்பில் மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதையே.

திருவாரூர்க்காரர்களுக்குத் தேர் என்றால் ஆழித்தேர்தான் நினைவுக்கு வரும் என்றார் ஒரு நண்பர். தேர்ந்தெடு, தேர்ச்சி என்று நாள்தோறும் சொல்கிறோமே, குழப்பம் வராது.

மேலே நான் எழுதிய 'உசாத்துணை' ஈழத்து நூலகங்களில் வழங்கும் சொல். நம்மிடம் உள்ள 'பார்வை நூல்' புத்தகத்தை மட்டும் சுட்டுகிறது, உதவும் நூலகரை விட்டுவிடுகிறது. சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது. அதற்கு அலமாரி போதாது, ஆள் வேண்டும். ஆகவே ஈழத்துச் சொல்லையே நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளி மாணவர் வகுப்புக்கான அறிவிப்பில் 'தகவல் தேர்திறன் பயிற்சி' என்றே எழுதப்போகிறேன். வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதை வினையாக்கி இந்த வாக்கியத்தில் பொருத்திக் காட்டுங்கள்: "வந்த செய்தியைத் தேர்ந்து பார்த்த பிறகே அவள் பிறருக்கு அனுப்பினாள்."